கறுப்பு வேட்டிக்கு நேரம் பார்த்த வருஷம்

ஆன்லைனில் துணி விற்கும் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நேரம் பார்ப்பது. ஊரே ஒரு சரக்கைத் தேடும்போது அதை வாங்கப் போகிறவள் முட்டாள். ஊர் அதை மறந்த பிறகு வாங்க வேண்டும். மறுபடி ஞாபகம் வருவதற்குப் பத்து நாள் முந்தி படத்தை ஏற்றி விலை போட வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். நான் காற்று வருவதற்கு முன்பே முறத்தோடு போய் நிற்பவள். யாரும் சொல்லித்தராமல் நானே கையைச் சுட்டுக்கொண்டு கற்றது என்பதால் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் பெரிய சரக்கு, சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கட்டும் கறுப்பு வேட்டி. கார்த்திகை முதல் தேதிக்கு முந்தின வாரம் ஆர்டர் வந்து குவியும். தை பிறந்துவிட்டால் அதே வேட்டியை ஏனென்று கேட்க ஆளிருக்காது.

நாலு வருஷமாக அதை எனக்கு நெய்து தந்தவன் என் அண்ணன். இங்கே சங்கரன்கோவிலிலேயே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவனுக்கு ஆறு விசைத்தறி. ஆடித்தபசுக்குத் தறியை நிறுத்துவார்கள். திருவிழா முடிந்து திரும்ப ஓட்டும்போது எனக்காகக் கறுப்புப் பாவு ஏற்றுவான். பாவு என்பது துணியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு தடவை ஏற்றிவிட்டால் அது தீரும்வரை தறி அந்த நிறத்தைத்தான் நெய்யும், நடுவில் மனசு மாற முடியாது. இதற்கு நாங்கள் இரண்டு பேரும் பேச்சு வைத்துக்கொண்டதே இல்லை. அவன் நெய்வான், நான் எடுப்பேன்.

அந்த வருஷம் தை கடைசியில் ஒரு மொத்த வியாபாரி, விற்காமல் தேங்கிய கறுப்பு வேட்டி மூட்டைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். அடுத்த சீசனுக்கு இன்னும் ஒன்பது மாசம் கிடந்தது. யாரும் சீண்டவில்லை. நான் அத்தனையையும் வாங்கிப் படுக்கையறையில் கூரை முட்ட அடுக்கி, அந்துருண்டை போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் அந்த வருஷம் முழுக்க ஹாலில் பாய் விரித்துப் படுத்தார், பாவம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல. சொன்னால் அவன் வேறு நிறத்துப் பாவு ஏற்றிவிடுவான். கார்த்திகையில் என் மூட்டை தீர்ந்துபோனால் நான் யாரிடம் போய் நிற்பது? அவன் நெய்து வைத்திருந்தால், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், தேவைப்படாவிட்டால் அவன் பாடு. கூடப் பிறந்தவனை வைத்து இப்படி நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். ஆடித்தபசு வந்தது, போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அவனே கூப்பிட்டுவிட்டான். தறி ஓடும் இடத்துக்குப் போனேன்.

"ஏட்டி, சரக்கு ரெடியாயிட்டு. ஆட்டோவ அனுப்பு," என்றான்.

"இல்லண்ணே, இந்த வருஷம் வேற இடத்துல கொஞ்சம் எடுத்திருக்கேன். கார்த்திகை வரட்டும், பாப்போம்."

தறிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையே கேட்டிருந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அறுந்த நூலை முடியப் போய்விட்டான்.

காத்திருப்பதற்கும் வசதி வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் மூட்டை பத்து மாசம் கிடந்தாலும் என்னிடம் யாரும் கை நீட்டப் போவதில்லை. அவனுக்குத் தீபாவளிக்கு முன்னால் தறி ஓட்டுகிறவர்களுக்கு போனஸ் கொடுத்தாக வேண்டும். கார்த்திகைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு கேரளத்து வியாபாரி கேட்ட அடிமாட்டு விலைக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டான். கார்த்திகையில் என் மூட்டைகள் ஒன்பதே நாளில் நல்ல விலைக்குப் போயின. அதே கார்த்திகையில் நூல் வாங்க வழியில்லாமல் அவனுடைய இரண்டு தறி நின்றது. அதில் வேலை பார்த்த இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது பைக்கில் கரும்புக் கட்டை வைத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு அண்ணன் கொண்டுவரும் பொங்கப்படி. அந்த வருஷம் வரமாட்டான் என்றுதான் இருந்தேன். வராமல் இருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, பனங்கிழங்கு, எனக்கொரு சேலை. ஒன்றும் குறைக்கவில்லை. தாங்க முடியாமல் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நான் போன தையிலயே எல்லாத்தையும் வாங்கிட்டேன். தெரிஞ்சேதான் உன்கிட்ட சொல்லல."

"தெரியும். மூட்ட ஏத்திட்டு வந்த வண்டி எங்க தெரு வழியாத்தான வந்துச்சு."

"பின்ன எதுக்குண்ணே கறுப்ப ஏத்துன?"

"தபசு முடிஞ்சு பத்து நாளு தறிய சும்மா போட்டிருந்தேன். நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். வரல. சரி, நீ வாங்குனது பத்தாது போல, இதும் வேணும் போலன்னு ஏத்திட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு போனப் போட்டுக் கேட்டிருக்கலாம்லா," என்றேன்.

கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கேட்டா நீ பொய் சொல்லியிருப்பட்டி. அதுக்குத்தான் கேக்கல."