சீனி டப்பாவுக்கு அடியில் இருந்த கார்ட்டூன்கள்

ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். காலையில் பஸ் ஏறுமுன் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து, ஆபீஸ் வாழ்க்கையைக் கிண்டலடிக்கும் கார்ட்டூனைத்தான் முதலில் பார்ப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் மேனேஜர் பைல் கேட்கும் படத்துக்கு வாய்விட்டே சிரித்திருக்கிறேன். ஆனால் கடையில் யாரிடமும் பேசியதில்லை.

போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் லீவு சொன்னேன். மேனேஜர் மட்டும் கூப்பிட்டார். “அந்த பைல எங்க வச்சீங்க?”

நடமாட முடிந்ததும் டீக்கடைக்குப் போய், விட்டுப்போன நாட்களின் பேப்பர்களைப் புரட்டினேன். கார்ட்டூன் இருந்த இடமெல்லாம் சதுரமாக ஓட்டை. எரிச்சலில், “யாரு இத வெட்டுனது?” என்று சத்தம் போட்டேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா, சீனி டப்பாவுக்கு அடியிலிருந்து சில துண்டுகளை எடுத்து நீட்டினார்.

“நாந்தான் தம்பி. பழைய பேப்பர வடை மடிக்கக் கிழிச்சிருவாக. நீங்க இதப் பாத்துத்தான சிரிப்பீக? வந்தா குடுப்போம்னு வச்சிருந்தேன். ஆமா, எங்க ஆளையே காணோம்? மேலுக்குச் சொகமில்லையா?”

“காய்ச்சல்க்கா” என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நான் வாட்ஸ்அப்பில் டைப் செய்ததோடு சரி; யாரிடமும் வாயால் சொல்லியிருக்கவில்லை.