திரும்பக் கொட்டிய மருந்து

துறைமுகத்தில் நிலக்கரி சுமந்து ஓய்வு பெற்ற மறுமாதம், இருமலுக்கு மருந்து வாங்க அங்கிருந்த டிஸ்பென்சரிக்குப் பழைய பாட்டிலோடு போனேன். கம்பவுண்டர் மிக்சரை ஊற்றிவிட்டு, என் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கேட்டார். அதை வேலையின் கடைசி நாளன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"அப்போ மருந்து கெடியாது."

"இந்த இருமலே இங்க கரி தூக்கி வந்ததுதானே, நைனா?"

"வேலையில கீறவன் இருமினாத்தான் சர்க்கார் மருந்து. நீ வூட்ல இருமு, பெர்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் பாட்டிலில் இருந்ததைப் பெரிய ஜாடியிலேயே திரும்பக் கொட்டினார். நான் வாய் வைத்துக் குடிக்கிற பாட்டில் அது. சிரித்தவர்களுக்கும் அந்த ஜாடியிலிருந்துதான் ஊற்றினார். வெறும் பாட்டிலோடு ராயபுரத்து வீட்டுக்கு இருமிக்கொண்டே நடந்தேன்.