அண்ணையிடம் மிஞ்சிய சொல்

பாரிசவாதம் வந்த பிறகு அண்ணையிடம் ஒரு சொல்தான் மிஞ்சியது. ஓம். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். சிலருக்கு அப்படித்தான், ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்துவிடும் என்றார் டொக்டர். வேறு சிலருக்குத் தூஷணம்தான் மிஞ்சுமாம். அந்த அளவில் முருகன் எங்களைக் காப்பாற்றினான்.

அரியாலையில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தைக்கு மத்தியானத்தில் கடல்நீரேரிக் காற்று வரும். அண்ணை சாய்மனைக் கதிரையிலும் நான் பாயிலுமாகக் கிடப்போம். இரண்டு பேருமே கலியாணம் கட்டாதவர்கள், அதனால் எங்களை எழுப்ப ஆளில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்காமலே அண்ணை சிலவேளை "ஓம்" என்பார். அரைத்தூக்கத்தில் அது என் பக்கமாக மிதந்து வரும். நான் அதன் பின்னால் போய்விடுவேன்.

கோயிலில் ஐயர் சொல்லும் ஓம் நீளமானது. எங்களுடையது கட்டை. ஆம் என்பதுதான் எங்கள் வாயில் உருண்டு ஓமாகிவிட்டது என்பார்கள், இருக்கலாம். ஓம்புதல் என்றால் பேணுதல், அதற்குள்ளும் ஓர் ஓம் படுத்திருக்கிறது. கண் காட்டச் சென்னைக்குப் போனபோது லொட்ஜ் மனேஜர் "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மனிசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த ஊரை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். இப்படி ஒவ்வொரு ஓமாகப் பார்த்துக்கொண்டு போகையில் எந்த இடத்தில் நித்திரையானேன் என்று தெரியாது.

இந்த ஆடியில் தங்கச்சி ஒல்லாந்திலிருந்து தன் ஆறு வயது மகளோடு வந்தாள். பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமனாகிய அம்மான் மடியில் வைத்துத்தான் குத்துவது என்று இத்தனை வருடம் பொறுத்திருந்தாள். பிள்ளை பிறந்த செய்தி கேட்ட கையோடு அண்ணையும் சின்னத் தோடு ஒரு சோடி செய்வித்து அலுமாரியில் வைத்திருந்தார். பிள்ளைகுட்டி இல்லாத மனிசனுக்கு அந்த மடிதான் பெரிய உரிமை. நல்லாக இருந்த காலத்தில் வீடியோவில் பிள்ளையைக் காணும்போதெல்லாம் தன் மடியைத் தட்டிக் காட்டுவார்.

வந்து இறங்கிய தங்கச்சி அண்ணையின் வலது கையைப் பார்த்துவிட்டு அழுதாள். இரண்டு நாளில் அழுகை போய்ப் பயம் வந்தது. பிள்ளை துடித்தால் ஒரு கையால் எப்படிப் பிடிப்பார்? சித்தப்பாவின் மகனை மடிக்கு இருத்துவது என்று முடிவாயிற்று. முறைக்கு அவனும் அம்மான்தான், இரண்டு கையும் நல்ல வலு. பிறகுதான் அண்ணையிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் பக்கத்திலை இருந்து பாத்தாப் போதும். என்ன?"

"ஓம்."

"பாத்தியோ, அண்ணைக்கு விளங்கும்" என்று என்னிடம் வந்து சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எதைக் கேட்டாலும் ஓம் சொல்லும் ஆளிடம் சம்மதம் வாங்கினாளாம்! அன்று இரவு அண்ணை இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழும்பிவிட்டார். "அவருக்கு மனம் நொந்து போச்சு" என்றேன். "காது கிழிஞ்சால் நீயோ தைக்கப்போறாய்?" என்று கேட்டாள்.

பிள்ளைக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவளுடைய ஊரில் மாமனை 'ஓம்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அதுவும் அந்தக் காலத்தில் அது தாயின் சகோதரனுக்கு மட்டும் உரிய சொல்லாம். தங்கச்சி சொல்ல எனக்கு மயிர் கூச்செறிந்தது. கந்தோர் என்கிற அலுவலகச் சொல்லையும் கக்கூசையும் எங்களிடம் விட்டுப்போன ஒல்லாந்தர், ஒரு அம்மானையும் சொல்லாக வைத்திருந்திருக்கிறார்கள்! நாங்கள் தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் செலவழித்துக்கொண்டிருக்கிற அதே ஓசை.

மத்தியானங்களில் பிள்ளை அண்ணையின் கதிரையடியில் வந்து இருப்பாள். "ஓம்?" என்று கூப்பிடுவாள். "ஓம்" என்பார் அண்ணை. அவள் சிப்பி காட்டுவாள், விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டுவாள், தன் பாஷையில் நீளமாக எதையோ கதைப்பாள். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் கண் சொருகும். யார் கூப்பிடுகிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்பதெல்லாம் காற்றில் கலந்துவிடும். நாங்கள் மூவரும் ஒரே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தோம் என்றுதான் இப்போது நினைவிருக்கிறது. அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன்.

காது குத்துக்குத் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்கு வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போனோம். அங்கே பூசை செய்பவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மந்திரம் கிடையாது. ஓம் என்றுகூட ஒருவரும் சொல்வதில்லை. மணிச் சத்தமும் கற்பூர வெளிச்சமும்தான். கதிரையில் இருந்த அண்ணை, கட்டிய அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில், காது குத்த வந்த பத்தர் பாயை விரித்தார். சித்தப்பாவின் மகன் சம்மணங்கட்டி இருந்தான். தங்கச்சி பிள்ளையைத் தூக்கினாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. அண்ணை தன் இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வாய் திறக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. வீடியோவில் தட்டிய அதே மாதிரி, நிறுத்தாமல் தட்டினார். தங்கச்சி பிள்ளையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். சித்தப்பாவின் மகன்தான் முதலில் எழும்பினான்.

"அண்ணை இருக்கேக்கை நான் ஆர்?" என்று சொல்லிவிட்டுப் போய்த் தூணோடு நின்றுகொண்டான். அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அன்றிலிருந்து பிடிக்கும்.

பிள்ளையை அண்ணையின் மடியில் இருத்தினோம். அவர் இடது கையால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வலது கையை நான் தூக்கி அவள் இடுப்பைச் சுற்றி வைத்து, கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டேன். பத்தர் குத்தியபோது அவள் "ஓம்!" என்று வீரிட்டாள். அண்ணை அவள் உச்சியில் வாயை வைத்து ஓம், ஓம் என்றார். அவள் தலை அசையவே இல்லை. அலுமாரித் தோடு ஏறியது.

திரும்பும்போது பிள்ளை அண்ணையின் மடியிலேயே நித்திரையாகிவிட்டாள். வல்லை வெளியைத் தாண்டும்போது வானுக்குள் அனல் காற்று அடித்தது. அவருடைய காலைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி முன் சீற்றிலிருந்து திரும்பிக் கையை நீட்டினாள்.

"கால் விறைக்கப்போகுது அண்ணை. பிள்ளையை என்னட்டைத் தாங்கோவன்."

நான் ஓமுக்காகக் காத்திருந்தேன். அண்ணை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இடது கை விரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்தார்.