வரைபடத்தில் ஒரு வளைவு

பெரிய நாடு எங்களுடையது. வசந்தத்தில் ஒரு கோடியில் பனி உருகிக்கொண்டிருக்கும். மறு கோடியில் பிள்ளைகள் வாய்க்காலில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். வடக்கின் குளிரும் தெற்குக் கடலின் ஈரமும் நடுச் சமவெளியில் முட்டிக்கொள்ளும்போது ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் பிறக்கும். வானிலை அலுவலகத்தில் கணினிகள் ஆளுக்கொரு ஆரூடம் சொல்லும். அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, மேஜை நிறைய விரித்த வரைபடத்தில் ஆபத்துப் பகுதிக்கு எல்லையாக எச்சரிக்கைக் கோட்டைப் போடுபவர் மேகக்கா. அவருக்கு வேறு பெயர் உண்டு, யாரும் கூப்பிட்டதில்லை.

கோடு போடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பார்.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா. நாட்டுக்கு மேல ஒரு சுத்து போயிட்டு வரேன்."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அவர் வீட்டில் அவர். வேலையில் சேர்ந்த அன்றே இதைக் கண்டுபிடித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. இனிமே ரெண்டு வீட்லயும் மழை தப்பினா நம்மளத்தான் திட்டுவாங்க" என்று சிரித்தார்.

அவர் வாங்கிய திட்டு பெரிது. அவருடைய அண்ணனுக்கு அந்தச் சமவெளியில் பேரிக்காய்த் தோட்டம். போன வசந்தத்தில் தங்கையின் எச்சரிக்கையை நம்பி, பூத்து நின்ற தோட்டம் முழுக்க ஆலங்கட்டி வலையை இழுத்து மூடினார். ஆலங்கட்டி வரவில்லை, தூறல்கூட இல்லை. நாள்கணக்கில் மூடிக்கிடந்த வலைக்குள் தேனீக்களும் வரவில்லை. பூவெல்லாம் பிஞ்சாகாமல் உதிர்ந்தது. "ஊருக்கெல்லாம் வானிலை சொல்ற என் தங்கச்சி எனக்கு வெறும் இலையக் குடுத்தா" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

இந்த வசந்தத்திலும் பூ வந்தது. கூடவே மேகமும் திரண்டது. காலையிலேயே அண்ணன் போன் செய்தார். அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்.

"ஏம்மா, மரமெல்லாம் பூவாப் பூத்துக் கெடக்கு. வலைய இழுக்கவா, வேணாமா? இந்த வருஷமும் போச்சுன்னா தோட்டத்த வித்துட வேண்டியதுதான்."

"ரேடியோவுல வரும் அண்ணே. எல்லாருக்கும் சொல்றப்பத்தான் உனக்கும் சொல்ல முடியும். அது சட்டம்."

"சட்டத்துல பேரிக்கா காய்க்குமா?"

வைத்துவிட்டார்.

மேகக்கா கண்ணை மூடினார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார். கோடு வடக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. சமவெளிக்கு வந்ததும், பாறையைக் கண்ட ஓடைபோல ஓரிடத்தில் ஒதுங்கி வளைந்து, மறுபடி நேராகப் போயிற்று.

"அக்கா, இங்க ஏதாவது மலை இருக்கா?"

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்தார்.

"மலை இல்லப்பா. எங்கண்ணன் இருக்கான்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கை செய்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அழிப்பானை எடுத்துத் தேய்த்தார். துகள்கள் சமவெளியெங்கும் சிதறின. வாயால் ஊதிவிட்டு நேராக வரைந்தார். தோட்டம் கோட்டுக்குள் வந்தது. அன்று மாலை வானொலி அதைப் படித்தது: நாளைப் பிற்பகல் ஆலங்கட்டி மழை.

மறுநாள் பிற்பகல் ரேடார் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி மொட்டவிழ்ந்தது. சிவந்து, இதழ் விரித்து, சத்தமேயில்லாமல் சமவெளியின் மேல் மிதந்து போயிற்று. இவ்வளவு அழகான ஒன்று எப்படி யாரையும் அடிக்கும் என்று தோன்றியது. மேகக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஒருவழியாக மணி அடித்தது.

"கோழி முட்டை கணக்கா விழுந்துச்சும்மா!"

"வலை போட்டியா அண்ணே?"

"பாதித் தோட்டத்துக்கு."

"ஏன் பாதி?"

"பாதி உன் பேச்சுக்கு, பாதி தேனீக்கு." அவர் கட்டிகளை மிதித்து நடக்கும் சத்தம் கேட்டது. "தேனீக்கு விட்ட பக்கம் ஒத்தப் பூ மிஞ்சல. உன் பக்கம் அப்படியே நிக்குது. சரி, வைக்கிறேன். வலையத் தெறக்கணும், தேனீ வந்துரும்."

"தோட்டம்?"

"விக்கிறதா? பாதிக்குக் காய் வருமே."

"இரு அண்ணே. வெளிய இப்ப எப்படி இருக்கு?"

"வெயில் வந்துருச்சு. தரையெல்லாம் வெள்ளை. எது பூ, எது கட்டின்னே தெரியல."

மேகக்கா போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். தூங்கிட்டீங்களா என்று நான் கேட்கவில்லை. எங்கே போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.