ஒற்றைக் கைக் கறவை

ஒரு கையால் மாடு கறந்துகொண்டே மறு கையால் சீட்டாடிய ஆள் எங்கள் இண்டூர்ப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வித்தை கைகூடிய முதல் நாள், பக்கத்தில் யாரும் இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. முட்டாள்தனத்துக்கும் கைதட்டல் எதிர்பார்க்கிற பிறவி நான்.

சீட்டு என்றால் போனில் ஆடுகிற ரம்மி. ஆரம்பத்தில் எனக்குச் சட்டதிட்டமெல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், டீச்செலவுக்கு வைத்திருக்கும் காசு மட்டும். தோற்றால் டீ கிடையாது, அவ்வளவுதான். திரையின் அடியில் பொடி எழுத்தில் ‘பொறுப்புடன் விளையாடவும்’ என்று வரும். அதைப் பொறுப்புடன் படித்துவிட்டுத்தான் ஆடுவேன். பிறகு சனிக்கிழமை சாயங்காலமும் ஏறக்குறைய ஞாயிறுதான் என்று தோன்றியது. அடுத்து வெள்ளிக்கிழமைக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. கடைசியில் டீக்கடைக்குப் போய் டீ குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரே வாடிக்கையாளன் ஆனேன்.

“ஏய்யா, எப்பப் பார்த்தாலும் குனிஞ்சே கெடக்கியே, கழுத்து சுளுக்கிக்கிச்சா?” என்பார் கடைக்காரர்.

“இல்லண்ணே, பணிவு” என்பேன். கடையே சிரிக்கும். சிரிக்க வைத்துவிட்டால் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது என் நெடுநாள் நம்பிக்கை.

எங்கள் வீட்டில் ஒரு செவலை மாடு. என் மனைவி கன்றாக வாங்கி வளர்த்தது. சொசைட்டியில் பால் ஊற்றுவதும் அவள் பேரில்தான். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அதைவிட்டால் நான்தான்; நானோ பால் கொடுப்பதில்லை.

ஏரியூரில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள மனைவி கிளம்பினாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் கொட்டகையை விட்டு நகரவில்லை.

“ஏங்க, கைய நல்லாக் கழுவிட்டு, மடியையும் கழுவணும். கன்னுக்குட்டிய செத்த நேரம் ஊட்ட விட்டு, பால் சொரந்ததும் ரெண்டு கையாலயும் ஒரே மூச்சாக் கறந்துடுங்க. மடியில பால் தங்குனா வீங்கிக்கும்.”

“எனக்குத் தெரியாதா? நீ வூடு திரும்பறதுக்குள்ள அது என் பின்னாடியே சுத்தப் போவுது பாரு.”

“அது என்னாட்டம் ஏமாறாதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் சில நாள் ஒழுங்காகத்தான் கறந்தேன். ஆனால் சுரந்த பாலை மாடு கொஞ்ச நேரத்துக்குத்தான் இறக்கும். அதற்குள் கறந்துவிட வேண்டும். ரம்மியிலும் அப்படித்தான், நம் முறை வந்தால் சில நொடிகளுக்குள் சீட்டை இறக்கியாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டபோது யாரைக் காக்க வைப்பது? மாடு கோபித்துக்கொள்ளாது என்று முடிவு செய்தேன். போனை முழங்கால் மேல் வைத்தேன். வலது கை ஆடியது, இடது கை கறந்தது. ஆட்டத்துக்கு நடுவே, திரையைத் தடவிய விரலும் கழுவாமலே காம்புக்குப் போனது. மடியில் மிச்சம் இருப்பது கைக்குத் தெரியும். ‘இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்’ என்பேன். அது முடிவதற்குள் மாடு பாலை அடக்கிக்கொள்ளும்.

ஒரு நாள் பாலில் திரிதிரியாக வந்தது. துணியில் வடிகட்டி எடுத்துப் போனேன். மறுநாளும் வடிகட்டினேன். சொசைட்டிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, “பால் சரியில்லீங்களே. மாட்டுக்கு மேலுக்கு முடியலீங்களா?” என்றார்.

“எங்கூட்டுக்காரம்மா ஊருக்குப் போன ஏக்கங்க. எனக்கே இல்ல, மாட்டுக்கு இருக்குது” என்றேன். அவர் சிரித்தார். ஆனால் பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் ஜெயித்தேன். சாதாரண ஜெயிப்பில்லை; திரையெல்லாம் பூவாகக் கொட்டியது. அந்தச் சந்தோஷத்தில் இடது கை காம்பை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒருநாளும் கால் தூக்காத மாடு உதைத்தது. குடம் ஒரு பக்கம் உருண்டது, போன் சாணியில் விழுந்தது. மடியின் ஒரு பக்கம் கல்லாய் இறுகி, அனலாய்க் கொதித்தது. மாடு என்னைத் திரும்பிப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டு நின்றது.

நான் முதலில் போனைத்தான் எடுத்துத் துடைத்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தோற்ற நாள்களில் உறைக்காதது, ஜெயித்த அன்று உறைத்தது.

கால்நடை டாக்டர் வந்தார். “எத்தனை நாளா இப்பிடி? பாலை முழுசாக் கறந்தீங்களா?” என்றார். “இன்னிக்குத்தாங்க சார். முழுசாத்தான் கறந்தேன்” என்றேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. அது பாட்டுக்கு வாயில் வந்தது. நோவு தீர்க்க வந்த மனிதரிடமே பொய் சொல்கிற அளவுக்குப் போயிருந்தேன். அவர் மடியை அமுக்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

ஊசி போட்டும் ஒரு காம்பு தேறவில்லை. மற்ற மூன்றும் தப்பின.

ஊரிலிருந்து திரும்பிய மனைவி பையைக்கூட வாசலில் வைக்காமல் நேரே கொட்டகைக்குப் போனாள். மூன்று காம்பைப் பற்றி ஒரு நகைச்சுவை தயாராக வைத்திருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வடிகட்டிய துணி முதற்கொண்டு. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குந்தி உட்கார்ந்து கறந்தாள். கை பழக்கத்தில் நான்காவது காம்புக்குப் போய், வெறுமனே பிடித்துப் பார்த்து, திரும்பி வந்தது. இன்றைக்கும் அப்படிப் போகிறது. நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

விளையாட்டைப் போனிலிருந்து அழித்தேன். மறுபடி ஏற்றினேன். அதையும் நானே அவளிடம் சொன்னேன். அவள்தான் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். எந்த நேரத்தில் ஆடத் தோன்றுகிறது என்று அங்கே கேட்டார்கள். “மாடு சுரக்கிற நேரத்துல” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. இப்போது என்னிடம் இருப்பது பேச மட்டும் உதவும் பட்டன் போன்.

போன வாரம் அவளுக்குக் கையில் சுளுக்கு. கஷ்டப்பட்டுக் கறந்துகொண்டிருந்தாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“நான் கறக்கட்டுமா?”

அவள் நிமிரவில்லை.

“அதுகிட்டக் கேளுங்க.”