நிற்காமல் ஓடிய பச்சைக் கோடுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மும்பை செம்பூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் கணினி வலையமைப்பைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பில்லிங் கவுன்டர், பார்வையாளர்களின் வைஃபை, ஐசியூவில் இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர்கள் எல்லாமே, கேபிள்கள் வந்து சேரும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் ஒரே கூட்டமாக இணைந்திருந்தன. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வி-லான் அமைத்து, அதே பெட்டிக்குள் மூன்றையும் ஒன்றோடொன்று பேச முடியாத தனித்தனி வலைகளாகப் பிரிக்க அனுமதி வாங்கினேன்.

ஐசியூவின் தலைமை நர்ஸ் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். மாற்றும்போது, எல்லாக் கட்டில்களின் இதயத்துடிப்பையும் காட்டும் அவர் மேசைத் திரை சற்று நேரம் அணைந்துவிடும்.

"நல்லா ஓடுதத எதுக்கும்மா பிரிச்சுப் போடுதீங்க? அந்த ஸ்கிரீன்தான் எனக்குக் கண்ணு."

"கீழ ஏதாவது ஆச்சுன்னா அது இங்க வரக் கூடாது, சிஸ்டர். அதுக்குத்தான்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, கட்டிலுக்கு ஒருத்தியா நிறுத்துதேன். சட்டுனு முடிங்க."

ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதன் வலையின் எண்ணைக் கொடுத்து, திரையில் கோடுகள் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம். நல்ல மழை, ஹார்பர் லைனில் ரயில் இல்லை, என்னோடு வேலை பார்ப்பவர்கள் யாரும் வந்து சேரவில்லை. பில்லிங்கில் ஒரு கணினி உறைந்தது. பிறகு பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்தது. ஒரு மின்னஞ்சல் வழியாக வைரஸ் புகுந்திருந்தது. கவுன்டரில் இருந்தவர்களிடம் கேபிள்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஐசியூவுக்குப் படியேறி ஓடினேன்.

திரையில் பச்சைக் கோடுகள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு தாறுமாறாகத் துள்ளியது. மேசையில் அலாரம் அடித்தது. தலைமை நர்ஸ் பாய்ந்தார், டாக்டர் ஓடிவந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நெடுநேரம் போனது போலிருந்தது. பிறகு அந்தக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது.

"நீங்க ஏன்ம்மா இப்படி வேர்த்துப் போய் நிக்கீங்க?" என்று கேட்டார் வெளியே வந்த நர்ஸ்.

கீழே நடந்ததைச் சொன்னேன். திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே தெரியலையே," என்றார் மெதுவாக.

பில்லிங் கணினிகள் முழுதாகச் சரியாக இரண்டு வாரம் ஆனது; அதற்குள் அந்த நோயாளி, ஓர் ஆட்டோ ஓட்டுநர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அன்று பில்லிங் வலையும் ஐசியூ வலையும் ஓடியது ஒரே பெட்டிக்குள், விரலளவு இடைவெளியில். கண்ணுக்கே தெரியாத அந்தப் பிரிவுக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதரின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.