ஒரு சாண் ஸ்டார்

வைட்ஃபீல்டில் எங்கள் ஃபிளாட்டின் பரண்மேல் இருக்கும் அட்டைப்பெட்டியில், குடில் பொம்மைகளுக்கு அடியில், ஒரு சாண் அளவில் மூங்கில் ஸ்டார் ஒன்று கிடக்கிறது. காகிதம் ஒட்டாத வெறும் சட்டம். குச்சிகள் சேரும் இடங்களில் வெள்ளை நூலுக்குப் பதிலாக நீலக் கம்பளி நூல் சுற்றியிருக்கும். டிசம்பரில் பொம்மைகளை எடுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். பார்க்காதவள்போல ஒதுக்கிவிட்டுக் குழந்தை யேசுவைத் தேடுவேன். அதைத் தூக்கி எறியத் துணிவில்லை, வாசலில் மாட்ட யோக்கியதை இல்லை.

கட்டியவர் என் அண்ணி. கோலார் தங்கவயலிலிருந்து விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அதுவரை நாங்கள் சிவாஜிநகர் கடையில் ஸ்டார் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தோம். அண்ணி வந்த முதல் டிசம்பரிலேயே மூங்கிலைச் சீவி, இரண்டு சட்டங்களை முனைக்கு முனை சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சின்னக் குச்சிகளை நிறுத்தி உப்பவைத்து, மைதா பசை காய்ச்சிச் சிவப்புக் காகிதம் ஒட்டி முடித்துவிட்டார். "நடுக்குச்சி வெக்கலன்னா அது ஸ்டார் இல்ல, வாசல்ல போட்ட கோலம்" என்பார். பசைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. அதையும் பாதியில் விட்டுவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், "எங்க பொண்ணு வருஷா வருஷம் கையாலேயே ஸ்டார் பண்ணுவா" என்று அம்மா தரகரிடம் கூசாமல் அளந்துவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் தெருவில் எந்தக் கிறிஸ்தவ வீட்டு வாசலிலாவது ஸ்டார் தொங்கவில்லை என்றால், அந்த வருடம் அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேக் கொடுக்க வருகிறவர்கள்கூட அந்த வாசலில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் சொல்லப்போகும் வருடம், நவம்பரில், ஒன்பது மாதம் நிறைந்த அண்ணிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஆண் குழந்தை. அண்ணன் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து, கை கால் கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்தான். சர்ச்சில் பூசை இல்லை, வாசலில் பந்தல் இல்லை. டிசம்பர் பிறந்ததும் அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். "இந்த வருஷம் ஸ்டார் வேணாம் அத்தை."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாசல் வெறிச்சென்று இருந்தால் யார் செத்தது என்று கேட்பார்கள். குழந்தை என்று சொன்னால், ராசியில்லாத வீடு என்று எழுந்து போய்விடுவார்கள். "ஞானஸ்நானம் இல்ல, பேரு இல்ல. பேர் வெக்காத புள்ளைக்கு என்னடி துக்கம்?" என்றாள் அம்மா. அண்ணி பின்கட்டு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கடை ஸ்டாரை மாட்டலாம் என்றால் அம்மாவின் புளுகு வெளுத்துவிடும். போன வருடச் சட்டத்தை எலி கடித்திருந்தது. நான் அலமாரியைக் குடைந்தேன். குழந்தைக்கு வாங்கிவைத்த துண்டுகளுக்கு நடுவே இந்த ஒரு சாண் ஸ்டார் இருந்தது.

அது எதற்குக் கட்டியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எட்டாம் மாதத்தில், ஸ்வெட்டர் பின்னியதுபோக மிஞ்சிய நீல நூலில் அதைக் கட்டியபோது, "தொட்டிலுக்கு மேல மாட்டறதுக்கு" என்று என்னிடம்தான் சொன்னார். தெரிந்தேதான் எடுத்தேன். சிவப்புக் காகிதம் ஒட்டி, சீரியல் லைட்டை உள்ளே விட்டு, வாசலில் தொங்கவிட்டேன். போட்டோவிலேயே எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவர்கள் வந்தார்கள். அண்ணிதான் காபி கொண்டுவர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வீட்டு மருமகள் எங்கே என்று கேள்வி வரக்கூடாதாம். அண்ணி தட்டோடு ஹாலுக்கு வந்தபோது திறந்திருந்த கதவு வழியாக ஸ்டார் தெரிந்தது. கால் ஒரு நொடி நின்றது. காபி சிந்தவில்லை. அதே சமயம் மாப்பிள்ளையின் அம்மா வாசலைப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்கு! யாரு பண்ணது?" என்று கேட்டார்.

"நான்தான் ஆண்ட்டி" என்றேன்.

அண்ணி எல்லோருக்கும் காபி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். மறுவருடம் கல்யாணம் முடிந்து நான் புறப்பட்ட அன்று, காகிதத்தைத் துளி விடாமல் சுரண்டி எடுத்த சட்டத்தை என் பெட்டிக்குள் வைத்தார். "நீ பண்ணதுதானே. நீயே எடுத்துட்டுப் போ" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு அண்ணிக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஆனால் மூங்கிலை அவர் கையால் தொடவே இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டு வாசலில் தொங்குவது அண்ணன் வாங்கிவரும் பிளாஸ்டிக் ஸ்டார்தான். நல்ல நாளுக்குப் போனால் அண்ணி எனக்கு வாய்நிறையச் சிரித்துச் சோறு போடுகிறார். பதினொரு வருடமாக அந்தச் சோற்றைப் பாதித் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இந்த வருடம் எங்கள் அபார்ட்மென்டில் பிள்ளைகள் கையால் செய்த அலங்காரம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். எட்டு வயது மகள் பெட்டியைக் கிளறி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, இது ஹேண்ட்மேட்தானே? நீ பண்ணியா?"

"இல்ல. உன் அத்தை பண்ணது."

"பேப்பர் ஒட்டி இதையே மாட்டலாமா?"

"வேணாம்மா. இது துக்க வீட்டு ஸ்டார்."

"யாரு செத்தாங்க?"

யாரும் கேட்டுவிடக்கூடாது என்று அன்று அம்மா பயந்த அதே கேள்வி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "உன் மாமா பையன். இருந்திருந்தா உன்னைவிட நாலு வயசு பெரியவன்."

மகள் நீல நூலை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "அவன் பேரு என்ன?"

தெரியவில்லை. ஒன்பது மாதம் சுமந்தவர் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பார். அதைக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டாரை மகள் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் பொம்மைகளுக்கு அடியில் வைத்து மூடினேன்.